85,000 ரூபா குடுத்துப் பூட்டைத் திறந்து வச்ச கதை

கை இன்னும் பதறுது, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க. முந்தாநாள்தான் விசயம் தெரிஞ்சது. 85,000 ரூபா. மருதமுனைத் தறிக்காரருக்குக் குடுக்க எடுத்து வச்ச காசு.

நான் கல்லடியில இருந்து கைத்தறிச் சாரி, சாறன் ஒன்லைன்ல விக்கிறவள். சைட்டை 2021 செப்டம்பர் கடைசியில ஒரு தம்பி செஞ்சு தந்தவர், இப்ப கட்டார்ல. சைட்டை ஆக்களுக்குக் காட்டுற சேர்வர் சொஃப்ட்வெயார்ட பேர் அப்பாச்சி. அந்த நேரம் புதுசா வந்த அப்பாச்சி 2.4.49ஐ சோர்ஸ்ல (மூலக் கோட்ல) இருந்து ஏத்திவிட்டார். புதுசுதானே நல்லது எண்டு நினைச்சிருப்பார், பாவம். அந்த 2.4.49லதான் வெளியாள் உள்ள பூர ஏலுமான ஓட்டை. ஒக்டோபர் 4ஆம் திகதி 2.4.50 விட்டாங்களாம், அதுலயும் ஓட்டை முழுசா அடைபடல்ல, 7ஆம் திகதி 2.4.51 விட்டுத்தான் அடைச்சாங்களாம். நம்மட சேர்வர் மட்டும் அந்த 2.4.49லயே கிடந்திருக்கு.

போன மாசம் ஹோஸ்டிங்காரன் மெயில் போட்டான், சிவிஇ-2021-41773 எண்டு, அந்த ஓட்டைக்குக் குடுத்த பதிவு நம்பரோட. பயந்து போய் டவுனுக்குள்ள ஒரு கடைக்குப் போனன். பேர் சொல்லல்ல. கொம்பியூட்டர் திருத்துற, வெப்சைட் செய்ற, போட்டோக்கொப்பியும் அடிக்கிற கடை.

அங்க நடந்ததுதான் எனக்குத் தாங்கேலாம இருக்கு. பிளேன்டீ வரவழைச்சுத் தந்தார். மொனிட்டரை என்ட பக்கம் திருப்பி, "பாருங்கக்கா, இதுதான் உங்கட வருத்தம்" எண்டார். கறுப்புத் திரையில 'சேர்வர்: அப்பாச்சி 2.4.49' எண்டு இரிந்த. பின்னேரம் வரச் சொன்னார். போனா அதே திரை, அதே வரி, ஆனா 'அப்பாச்சி' மட்டும். நம்பரைக் காணல்ல. "நம்பர் போயிட்டு, பிழையும் போயிட்டு. இனி ஒருத்தனும் கிட்ட வர ஏலாது." நான் தலையாட்டினன். எண்ணிக் குடுத்தன், 85,000. ரிசீட்ல 'சேவைக் கட்டணம்' எண்டு மட்டும். அதையாவது அப்ப யோசிச்சிருக்கலாம், புத்தியில்லாதவள்.

பதினொரு நாள். ஓடர் பக்கம் திறக்கவே ரெண்டு நிமிசம் எடுக்குது. வந்தாறுமூலைக் கெம்பஸ்ல படிக்கிற என்ட மருமகனைக் கூப்பிட்டன். வந்து குந்தினவன் அஞ்சு நிமிசம் வாய் திறக்கல்ல. பிறகு "மாமி, சீபீயூ 100 வீதத்துல ஓடுது. ஆரோ உங்கட சேர்வர்ல கொயின் தோண்டுறான்" எண்டான். நம்மட சேர்வரைக் களவா ஓட்டி கிரிப்டோ காசு உண்டாக்குறானாம்.

அக்சஸ் லொக்கை, அதான் சேர்வருக்கு ஆர் என்ன கேட்டு வந்த எண்டு எழுதி வைக்கிற ஃபைலை, திறந்து காட்டினான். சிஜிஐ-பின் எண்டு தொடங்கி, புள்ளி, வீதக்குறி, 2, ஈ. திரும்பப் புள்ளி, வீதக்குறி, 2, ஈ. அந்த வீதக்குறி, 2, ஈ எண்டதும் வேற மாதிரி எழுதின புள்ளிதானாம். ரெண்டு புள்ளி எண்டா ஒரு ஃபோல்டர் மேல போ எண்டு அர்த்தமாம். நேரா ரெண்டு புள்ளி போட்டா அப்பாச்சி பிடிக்கும், ரெண்டாவது புள்ளியை மாறுவேசத்துல அனுப்பினா 2.4.49 விட்டிரும். அப்படியே ஏறி ஏறிப் போய் 'பின்/எஸ்எச்'ல, அதான் சேர்வருக்குக் கட்டளை போடுற புரோகிராம்ல, முடியுது வரி. கடைசியில 200. உள்ள போயிட்டான் எண்டு அர்த்தம்.

வேர்ஷனைப் பார்த்தம். அதே 2.4.49! கடைக்காரர் செஞ்சது கொன்ஃபிக்ல (செட்டிங் ஃபைல்ல) ஒரே வரி, 'சேர்வர்டோக்கன்ஸ் ப்ரொட்'. நம்பரை மறைக்கிற வரி. பிழை போகல்ல, போர்டைத்தான் கழட்டியிருக்கார்.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. படங்களை வேற ஃபோல்டருக்கு மாத்தியிருக்கார், 403 (அனுமதி இல்ல) எண்டு வந்திருக்கு. அதைச் சமாளிக்க, முழு டிஸ்க்குக்கும் இருந்த 'ரிக்குவயர் ஓல் டினைட்' (ஒருத்தருக்கும் அனுமதி இல்ல) வரியை 'கிராண்டட்' (எல்லாருக்கும் அனுமதி) ஆக்கி வச்சிருக்கார். அந்த வரி இருந்தபடியாத்தான் இவ்வளவு நாள் இந்த வழியால உள்ள வர ஏலாமக் கிடந்ததாம். ஃபைல் மாத்தின திகதியும் என்ட ரிசீட்ல இருக்கிற திகதியும் ஒண்டு. அதைக் கண்டதும் வயிறு எரிஞ்சிட்டு எனக்கு.

கோல் எடுத்தன். முதல்நாள் "அண்ணன் கொழும்புக்குப் போயிட்டார்." அடுத்தநாள் "உங்கட பாஸ்வேர்ட் லேசு போலக்கா." நேர்ல போனா, கவுண்டர்ல நிண்ட பொடியன் "வைரஸ் எல்லாருக்கும் வாறதுதானே" எண்டு சொல்லிக்கொண்டே போட்டோக்கொப்பி அடிக்கான். காசைக் கேட்டன். "செஞ்ச வேலைக்குத்தானே எடுத்த." வாட்ஸ்அப்ல லொக்கையும் ரிசீட்டையும் அனுப்பினன், நீலக் கோடு விழுந்த, பதில் இல்ல. அப்பாச்சி சும்மா கிடைக்கிற சாமான், ஐயா! அதுக்கு 85,000!

வாடிக்கையாளர்ட பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் அந்த சேர்வர்லதான். ஒவ்வொருத்தருக்கா எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கன்.

என்ன செய்யோணும் எண்டு விவரமா எழுதத்தான் இருந்தன், நேரமில்ல. ஹெடர்ல, அதான் கடைக்காரர் காட்டின அந்த 'சேர்வர்:' வரியில, நம்பர் இல்லாததை நம்பாதீங்க, சேர்வருக்குள்ளயே வேர்ஷனைக் காட்டுற 'ஹெச்டிடிபிடி -வி' கட்டளையை அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. சோர்ஸ்ல இருந்து ஏத்தினதை வழமையா அப்டேட் பண்ணுற 'ஆப்ட் அப்கிரேட்' கட்டளை தொடாது. 2.4.50ல நிக்காதீங்க, இப்ப இருக்கிறதுல புதுசுக்குப் போங்க. ஒருக்கா உள்ள பூந்திட்டானெண்டா அடைச்சுப் பிரயோசனமில்ல, புது சேர்வர், புது பாஸ்வேர்ட். என்ன செஞ்சதெண்டு ரிசீட்லயே எழுதி வாங்குங்க. மருமகன் பழையதை அழிக்க முந்தி லொக்கைக் கொப்பி எடுக்கச் சொல்றான், பென்டிரைவ் தேடுறன்.