ஐந்தும் 20 மெகாஹெர்ட்ஸாம்! ஒரு இசட்80 பொட்டலம்

பழைய கருவிகளுக்கு மூளையாக இருக்கும் பிராசஸர் சிப்தான் இசட்80; ஐந்து கொண்ட பொட்டலம் ஒன்று வாங்கினேன். என் வேலை முடிந்தது, ஆனால் சிப் மேல் எழுதியிருந்தது பாதி பொய். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம்.

எனக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. பழைய ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (ஒரு பொருள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி), ஆன் செய்தால் விளக்கு எரியும், திரையில் எழுத்து வராது. 5 வோல்ட் சரி, கடிகாரத் துடிப்பு சரி, ரீசெட்டும் சரி. சிப் ஒவ்வொரு கட்டளையை எடுக்கும்போதும் துடிக்க வேண்டிய எம்1 சிக்னல் வரும் 27-ஆம் காலில் மட்டும் அசைவே இல்லை. சாக்கெட்டைச் சுத்தம் செய்து அழுத்தி உட்கார வைத்தும் பார்த்தாயிற்று. சிப் மேல் 'டி780சி-1' என்று இருந்தது. அது ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் செய்த இசட்80தான், 4 மெகாஹெர்ட்ஸ் ரகம். எழுத்தே அழிந்திருந்தாலும் 40 காலில் 11-இல் மின்சாரம், 29-இல் கிரவுண்ட் என்றால் முதல் சந்தேகம் இசட்80 மேல்தான். அதே காலத்து இன்டெல் பிராசஸரான 8085-க்கு அவை 40-இலும் 20-இலும் வரும்.

இசட்80-ஐ உருவாக்கிய ஜைலாக் நிறுவனம் இந்த 40 கால் சிப்புக்கு 2024 ஜூன் 14-ஓடு ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டது. இனி மீதிச் சரக்கு, இல்லையென்றால் போர்டிலிருந்து கழற்றியது. அதனால்தான் இந்தப் பொட்டலம்.

ஐந்திலும் 'இசட்84சி0020', ஐந்திலும் ஒரே தேதிக் குறி. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்க வார்ப்பு மூன்று விதம்! அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தேன்; இரண்டில் கறுப்பு கையோடு வந்தது, அதாவது பழைய எழுத்தை மறைத்துப் பூசி மேலே புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள்.

இசட்84சி என்றால் சிமாஸ், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிந்தைய தயாரிப்பு முறை. கடிகாரத்தை நிறுத்தி வைத்தாலும் உள்ளிருப்பதை மறக்காது. அதற்கு முந்தைய முறையான என்மாஸ் அப்படியல்ல, துடிப்பு மிக மெதுவானால் தடுமாறிவிடும். ஆகவே பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் சோதிக்கும் பலகை) டேட்டா கால்கள் எட்டையும் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டில் கட்டினேன். சிப் எதைப் படித்தாலும் சுழியம், அதாவது 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளை. நொடிக்கு ஒரு துடிப்பு கொடுத்தால் சிமாஸ் நினைவக முகவரிகளை வரிசையாக எண்ணிக்கொண்டே போகும். இரண்டு எண்ணின. கறுப்பு வந்த இரண்டும் உளறின. 4 மெகாஹெர்ட்ஸ் கொடுத்ததும் ஒழுங்காக ஓடின, ஆனால் விரல் வைத்தால் நன்றாகவே சூடு; பெயர் மாற்றிய பழைய என்மாஸ்தான் போலும். ஐந்தாவது எந்த வேகத்திலும் வாயே திறக்கவில்லை.

நல்ல சிமாஸில் ஒன்று இப்போது மீட்டருக்குள் இருக்கிறது, திரையில் எழுத்து வந்துவிட்டது. '20 மெகாஹெர்ட்ஸ் போட்டால் கருவி வேகமாகும்' என்ற விற்பவரின் வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது சிப் தாங்கும் உச்ச வரம்பு. ஓடும் வேகம் போர்டில் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் கையில்.

அனுப்பிய விதத்தில் குறையில்லை: கறுப்பு ஃபோமில் குத்தி, ஒரு கால்கூட வளையாமல் வந்தது. ஊமைச் சிப்புக்கு மாற்று கேட்டேன். 'நீங்கள் பொருத்தியதில் தவறு இருக்கும்' என்று பதில் வந்தது. அந்த அரை நட்சத்திரம் ஃபோமுக்கு.