சமோவாவா, டோங்காவா? முதலில் காலண்டரைப் பாருங்கள்

தென் பசிபிக்கின் இந்த இரண்டு நாடுகளின் விளம்பரப் படங்களைக் கலைத்துப் போட்டால் எது எந்த நாடு என்று பிரிப்பது கடினம். அதே தென்னை, அதே பவளத்திட்டு, அதே வெள்ளைத் தேவாலயம். ஆகவே எது அழகு என்று கேட்டுப் பயனில்லை. எந்த மாதம் போகிறீர்கள், போன இடத்தில் இன்னும் எத்தனை முறை விமானம் ஏறத் தயாராக இருக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளே போதும்.

வரைபடத்தை விரித்தால் பாதி விடை கிடைத்துவிடும். சமோவாவின் நிலம் ஏறத்தாழ 2,800 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி உபோலு, சவாயி என்ற இரண்டே தீவுகளில் அடங்கிவிடுகிறது. தலைநகர் அப்பியா உபோலுவில் இருக்கிறது. அங்கே வாடகைக் கார் எடுத்து, தற்காலிக ஓட்டுநர் உரிமமும் வாங்கிக்கொண்டால் தீவு முழுவதையும் சுற்றலாம். நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். 2009 செப்டம்பர் வரை வலப்பக்கம் ஓட்டியவர்கள், நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து பழைய கார்களை மலிவாக வரவழைப்பதற்காகவே பக்கம் மாறினார்கள். சவாயிக்குப் போகும் கப்பலில் காரையும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான்.

டோங்காவில் சுமார் 170 தீவுகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் நிலம் 750 சதுர கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அவை வடக்கு தெற்காக ஏறத்தாழ 800 கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கின்றன. தலைநகர் நுகுஅலோஃபா இருக்கும் டோங்காடாப்பு ஒரு மூலையில். பயணிகள் தேடி வரும் வவாவு தீவுக்கூட்டம் அங்கிருந்து வடக்கே 300 கிலோமீட்டருக்கு அப்பால். சிறிய விமானத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். கப்பலென்றால் கிட்டத்தட்ட ஒரு நாளே போய்விடும். வானிலை கெட்டால் அட்டவணை தள்ளிப்போகும். ஒரு வார விடுப்பில் வருகிறவருக்கு இது சின்னச் சங்கடமல்ல.

இத்தனை சிரமத்தையும் மீறி டோங்காவுக்கு ஏன் போக வேண்டும்? திமிங்கலத்துக்காக. ஜூலை முதல் அக்டோபர் வரை அண்டார்டிகா பக்கத்துக் குளிர் கடலிலிருந்து கூனல்முதுகுத் திமிங்கலங்கள் குட்டி ஈனுவதற்காக இந்த வெதுவெதுப்பான கடலுக்கு வருகின்றன. பெரும்பாலான நாடுகளில் படகிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. டோங்காவில் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு கடலில் இறங்கி, தாயும் குட்டியும் இருக்கும் அதே நீரில் மிதக்கலாம். ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் அனுமதி இல்லை. இங்கே திமிங்கல வேட்டை 1978இல் அரச ஆணையால் நிறுத்தப்பட்டது. இன்று அதே விலங்குதான் வவாவுவின் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. இந்த நெருக்கம் திமிங்கலத்துக்கு நல்லதா என்ற விவாதமும் உண்டு. குட்டிக்குப் பால் கொடுக்கும் தாயைப் படகுகள் மாறி மாறிச் சுற்றுவது எனக்கும் உவப்பாக இல்லை. போவதென்றால் ஒரே விலங்கைத் துரத்தாத படகுப் பயண நிறுவனத்தைத் தேடிப் பிடியுங்கள். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் இடமும் கிடைக்காது.

அந்தப் பருவத்துக்கு வெளியே போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சமோவாவைத்தான் சொல்வேன். டோங்காடாப்புவில் 13ஆம் நூற்றாண்டையொட்டி எழுப்பிய ஹஅமோங்கா என்ற மூன்று கல் வாயில் இருக்கிறது. வெளியே நின்று பார்க்க மர அரண்மனை இருக்கிறது. கரைப் பாறைகளின் துளைகள் வழியே கடல் பீறிடும் காட்சியும் இருக்கிறது. ஒன்றரை நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

சமோவாவில் அப்படி முடியாது. சவாயியின் தாங்கா கிராமத்தில் பாறைத் துளைக்குள் தேங்காயை வீசுவார்கள். அடுத்த அலை அதைத் தென்னை உயரத்துக்கும் மேலே துப்பும். அதே தீவின் சலேஅவுலாவில் 1905 முதல் 1911 வரை எரிமலை கக்கிய குழம்பு ஊர்களையே மூடியது. தேவாலயத்துக்குள் புகுந்து உறைந்த கறுப்புப் பாறையின்மீது இன்று நடந்து போகலாம். உபோலுவின் தென்கிழக்கில் டோ சுவா என்ற ஆழக் கிணறு போன்ற பள்ளம். நீண்ட ஏணியில் இறங்கினால் கீழே கடல்நீர்க் குளம்.

தங்குவதிலும் சமோவா முந்துகிறது. கடற்கரையில் சுவரே இல்லாத ஓலைக்குடிசை, ஒரு மெத்தை, ஒரு கொசுவலை, பெரும்பாலும் காலையும் இரவும் அந்த வீட்டுச் சாப்பாடு. லாலோமானு கடற்கரையில் 2009 செப்டம்பர் 29 ஆழிப்பேரலை இந்தக் குடிசைகளை அடித்துச் சென்றது. நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே குடும்பங்கள் திரும்பிவந்து மீண்டும் கட்டினார்கள். டோங்காவுக்கும் அந்த அடி உண்டு: 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் டோங்காடாப்புவின் மேற்குக் கரை விடுதிகள் அழிந்தன, கடலடிக் கேபிள் அறுந்து, அது சரியாக ஏறத்தாழ ஐந்து வாரம் ஆனது.

சமோவாவில் பெரும்பாலான நிலம் ஊர்ப் பொதுச் சொத்து. கடற்கரைக்கும் அருவிக்கும் தனித்தனியாகப் பணம் கேட்பார்கள். சில்லறை வைத்துக்கொண்டு, முகம் சுளிக்காமல் கொடுங்கள். அந்தி நேரத்தில் சங்கு ஊதினால் பிரார்த்தனை வேளை. சிறிது நேரம் ஊருக்குள் நடக்காமல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையில் டோங்கா இன்னும் கறார். அரசியல் சட்டமே அன்று வணிகத்தைத் தடுக்கிறது. கடை கிடையாது, விமானமும் கிடையாது. ஆண்கள் சட்டையில்லாமல் பொது இடத்தில் நடப்பதும் சட்டப்படி குற்றம். சமோவாவிலும் அன்று ஊர் அடங்கிவிடும், ஆனால் பசியோடு அலைய வேண்டியிருக்காது.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இரண்டு நாடுமே சோதனைதான். சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் வைத்துச் சூடான கல்லில் வேகவைக்கும் பலுசாமி சமோவாவில் இறைச்சி சேராமலே கிடைக்கும். டோங்காவில் அதே இலைக்குள் பெரும்பாலும் டின் மாட்டிறைச்சி இருக்கும்; கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

இந்தியாவிலிருந்து போக, சிங்கப்பூர் வழியாக ஃபிஜியின் நாடியில் இறங்கி அங்கிருந்து மாறுவது எளிது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஃபிஜியில் முன்கூட்டி விசா வேண்டாம். ஆக்லாந்து வழி போனால் நியூசிலாந்துக்கு இடைத்தங்கல் விசா தேவைப்படும். சமோவா வந்திறங்கியபின் அனுமதி தருகிறது. டோங்காவுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறும் என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபாருங்கள். நாடியில் ஒரு பகல் இடைவெளி கிடைத்தால் சிவ சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போய்வரலாம். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தென்னிந்தியர்களின் வழிவந்த சமூகத்தின் கோயில் அது.

டோங்காவைத் தேர்ந்தவர்களுக்கு இன்னும் ஒன்று: வவாவுவிலிருந்து தலைநகர் திரும்பும் விமானத்தையும் நாடு திரும்பும் விமானத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். நடுவில் ஒரு நாளாவது விடுங்கள். அந்த நாள் ஞாயிறாக இருந்தால் இரண்டு நாள்.