நாலு வருஷமாக நின்று நின்று ஓடும் ரயில்

பழைய அலுவலக நண்பன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். எச்ஓ என்ற அளவில் வரும் மாதிரி ரயில் செட். நீள்வட்டப் பாதை, ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, ஒரு கன்ட்ரோலர். விலை மூவாயிரம் ரூபாய் இறங்கியிருக்கிறதாம். "வாங்கலாமாடா? நீதான் நாலு வருஷமா வெச்சிருக்கியே" என்று கேட்டிருந்தான். ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

செட்டில் வருவதைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. அடியில் பிளாஸ்டிக் மேடை ஒட்டிய தண்டவாளத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகி, தரையில் வட்டம் போட்டு, குமிழைத் திருப்பினால் ரயில் ஓடும். முதல் ஆறு மாதம் என் ரயில் ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. அதோடு நின்றுவிடுகிறவர்கள் புத்திசாலிகள். ஹாம்பர்க்கில் 2001 முதல் இருக்கும் மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற பிரமாண்ட மாதிரி ரயில் கண்காட்சியின் வீடியோக்களை ராத்திரி ஒரு மணி வரை பார்த்துவிட்டு, மறுநாளே மரக்கடைக்குப் போகிற ஆட்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ப்ளைவுட் எட்டுக்கு நாலு அடியில்தான் கிடைக்கிறது, அதனால் லேஅவுட்டும், அதாவது பாதையும் ஸ்டேஷனும் அமைக்கிற பலகையும், எட்டுக்கு நாலு. யோசித்து எடுத்த முடிவு இல்லை. அதைச் சுவரோரம் போட்டதும் அப்படித்தான். பின்வரிசை எனக்கு நாலடி தள்ளி இருந்தது, என் கை போவதோ இரண்டரை அடி. பெட்டிகள் தடம் புரண்டது எல்லாம் அந்தப் பின்மூலையில்தான். ஒவ்வொரு முறையும் பலகை மேல் குப்புறப் படுத்து எட்டிப் பிடிக்க வேண்டும். ஒருநாள் முழங்கைக்கு அடியில் ஸ்டேஷன் கூரை நொறுங்கிய சத்தம் கேட்டது. இப்போது மேஜைக் காலில் சக்கரம் மாட்டியிருக்கிறேன், நடுக்கூடத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். கூடத்தில் அப்புறம் யாரும் நடக்க முடியாது, அது வேறு கதை.

மேம்பாலமும் கட்டினேன். ஒரு பாதை இன்னொன்றின் மேல் போக ஏழரை சென்டிமீட்டராவது ஏற வேண்டும். எனக்குக் கிடைத்த நீளம் 1.2 மீட்டர். கணக்குப் போட்டால் பதினாறுக்கு ஒன்று என்ற ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் நீலகிரி ரயில் கல்லாறுக்கு மேலே பன்னிரண்டரைக்கு ஒன்று ஏறுகிறது. ஆனால் அது நடுவில் பல்தண்டவாளம் போட்டு, பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுகிறது. என் எஞ்சினுக்கு ஏது பல்? பாதி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றியது. இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் ஐம்பதுக்கு ஒன்றைத் தாண்டாதே என்பார்கள். அந்தக் கணக்குக்கு ஏற மட்டும் 3.75 மீட்டர் வேண்டும், இறங்க இன்னொரு 3.75. மேம்பாலத்தைப் பிய்த்துவிட்டேன்.

நம்மூர் ரயில்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்ஓ என்றால் 87-இல் ஒரு பங்கு. நம் எக்ஸ்பிரஸ் ரயில்களில் வரும் நீளமான எல்எச்பி பெட்டி நிஜத்தில் ஏறக்குறைய 23.5 மீட்டர், மாதிரியில் 27 சென்டிமீட்டர். 18 அங்குல ஆர வளைவில் அது திரும்பும்போது, நடுவயிறு உள்பக்கமும் மூலைகள் வெளிப்பக்கமும் தள்ளிக்கொண்டு போகும். வளைவு தொடங்கும் இடத்தில் நான் கட்டிய பிளாட்பாரத்தை முதல் ஓட்டத்திலேயே ஒரு பெட்டி சீவிவிட்டது. இன்னொன்று, எச்ஓ தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர் இடைவெளி ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குச் சரி. நம் அகலப் பாதை 1676, அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். நம்மூர் எஞ்சினை இதில் நிறுத்தினால், பருத்த ஆள் காலை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பது போலிருக்கும். எனக்கு அது பழகிவிட்டது.

இதெல்லாம் ஒரு தடவை திட்டிவிட்டு மறந்துபோன விஷயங்கள். நாலு வருஷமாக என் உயிரை வாங்குவது ஒரே ஒரு சாமான். நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான, மடித்த தகரத் துண்டு. இரண்டு தண்டவாளத்தைச் சேர்த்துப் பிடிக்கிற ஜாயினர்.

பலகைக்கு மாறியபோது செட்டில் வந்த பாதையை ஓரங்கட்டிவிட்டு, வளையக்கூடிய 914 மில்லிமீட்டர் நீளத் தண்டவாளங்களை வாங்கிப் போட்டேன். பத்துப் பன்னிரண்டு நீளம், எல்லா இணைப்பும் சேர்த்து 24 ஜாயினர். இந்த ரயிலுக்குத் தண்டவாளம்தான் மின்கம்பி. கன்ட்ரோலரிலிருந்து ஒரே இடத்தில் கரண்ட் ஏறுகிறது, மிச்சப் பாதைக்கெல்லாம் இந்தத் தகரத் துண்டுகள் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு. என் வீடு கடலிலிருந்து நடக்கிற தூரம், காற்றில் உப்பு. எட்டே மாதத்தில் முன்பக்கம் எக்ஸ்பிரஸ், பின்பக்கம் கூட்ஸ் என்று ஆனது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ரயில் ஓடும்போது கன்ட்ரோலர் பக்கம் 12 வோல்ட், எதிர்ப்பக்கம் ஒன்பதுகூட இல்லை. அப்புறம் ஒருநாள் ஏழாவது இணைப்பில் வண்டி நின்றே போனது. விரலால் தள்ளினேன், ஓடியது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் நின்றது.

இதற்கு நான் செய்த முதல் வைத்தியம் உப்புத்தாள். யாரும் செய்யாதீர்கள். தேய்த்த அன்றைக்குத் தண்டவாளம் கண்ணாடி மாதிரி மின்னும். கீறல்களுக்குள் அழுக்கு போய் உட்கார்ந்துகொள்வதால், அப்புறம் முன்னைவிடச் சீக்கிரம் கறுக்கும்.

இரண்டாவது வைத்தியம் சால்டரிங். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் நல்ல அயர்ன், ஈயம், பேஸ்ட் எல்லாம் வாங்கிவந்து, ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை 24 ஜாயினரையும் பற்றவைத்தேன். நாலைந்து இடத்தில் பிளாஸ்டிக் கட்டைகள் உருகின, அதைப் பார்த்தால் முடியுமா? அன்று சாயங்காலம் ரயில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல அப்படி ஒரு வழவழப்பு. காபி போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன்.

அம்மா வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "என்னடா, சத்தத்தையே காணோம்?" என்றாள்.

அம்மா வளர்ந்தது விழுப்புரம் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா கீமேன். சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் லைனில் நடந்து, தண்டவாளங்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஃபிஷ்பிளேட்டின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. டடக் டடக் என்ற சத்தம் கேட்காவிட்டால் அம்மாவுக்கு அது ரயிலே இல்லை. முன்பு ஒவ்வொரு ஜாயினரிலும் ஒரு மெல்லிய 'டிக்' கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. நான்தான் கரண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேனே.

சத்தம் போனதோடு விட்டதா என்றால் இல்லை. மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பூட்டிய அறையைத் திறந்தால், பின்பக்க நேர்ப்பாதை பாம்பு மாதிரி நெளிந்து பலகையை விட்டு எழும்பி நின்றது. வெயிலில் தண்டவாளம் நீண்டதா, மழைக்காலத்தில் ஊதிய ப்ளைவுட் காய்ந்து சுருங்கியதா, இரண்டும் சேர்ந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எதுவானாலும், விரிந்து சுருங்க நான் எங்கேயும் ஒரு இழை இடம் விட்டுவைக்கவில்லை. "தாத்தா இருந்திருந்தா கேட்டிருக்கலாம். வெயிலுக்குன்னு கேப் விட்டுத்தானே போடுவாங்க" என்றாள் அம்மா. கேட்டிருக்கலாம்தான்.

ஆகவே மூன்றாவது வைத்தியம். இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும், நண்பனே, இந்தப் பத்தியை மட்டுமாவது படி. இணைப்பைப் பற்றவைக்காதே. ஜாயினரின் வேலை இரண்டு முனையையும் நேராகப் பிடிப்பது மட்டும்தான், கரண்டை அதனிடம் ஒப்படைக்காதே. பலகைக்கு அடியில் தடிமனான ஒயர் இரண்டை லேஅவுட் முழுக்க ஓட்டு. ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயரை ஓட்டை வழியாகக் கீழே இறக்கி அதில் சேர்த்துவிடு. துண்டுகளுக்கு நடுவே விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி விடு. நான் பற்றவைத்ததையெல்லாம் மறுபடி அறுத்து, இரண்டு வாரம் பலகைக்கு அடியில் மல்லாந்து கிடந்து, ஈயச் சொட்டு ஒன்றைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு இதைச் செய்து முடித்தேன். எதிர்ப்பக்கமும் 12 வோல்ட் வந்தது. அடுத்த மே மாதம் எதுவும் நெளியவில்லை. அம்மாவின் 'டிக்' சத்தமும் திரும்பி வந்தது.

ஆனால் 914 மில்லிமீட்டருக்கு ஒரு 'டிக்' என்றால் அது ரயில் சத்தமா? யோசித்தேன். நம்மூர் அகலப் பாதையில் ஒரு தண்டவாளத்தின் நீளம் 13 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 15 சென்டிமீட்டர். முன்பக்க நேர்ப்பாதையில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, ஒன்பது இடத்தில் இரு பக்கமும், மெல்லிய அரத்தால் தண்டவாளத்தின் தலையில் மட்டும் ஒரு கோடு இழுத்தேன். அறுபடக் கூடாது, சக்கரத்துக்குத் தெரிந்தால் போதும்.

அன்று ராத்திரி விசிறியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். நாலு பெட்டி. டிக்-டிக், டிக்-டிக். ஸ்டேஷனை நெருங்கும்போது குமிழைக் கொஞ்சம் குறைத்தால் சத்தமும் இடைவெளி விட்டு வருகிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இப்போ பாலம் வரணும்" என்றாள். இப்போது ஓடுகிற நிஜ ரயில்களில் இது பெரும்பாலும் கிடைக்காது. நீளநீளமாகத் தண்டவாளத்தை வெல்டிங் செய்துவிட்டார்கள், நான் அந்த மார்கழியில் செய்த மாதிரியே. எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் இதில் போட்டிருக்கிறேன். அந்தப் பணத்தில் நான் உருப்படியாக வாங்கியது எது என்று கேட்டால், இரும்புக் கடையில் நூற்றுச் சொச்சத்துக்குக் கிடைத்த அந்த அரம்தான்.

சரி, வாங்கலாமா?

வேண்டாம். இன்றைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம். ஏனென்றால் அந்த 18 கோடுகளிலும் இப்போது அழுக்கு. சக்கரம் தூசியை வழித்துக்கொண்டு வந்து சரியாக அந்தக் குழிக்குள் தள்ளுகிறது. செல்போன் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் நனைத்து வாரம் இரண்டு முறை துடைக்கிறேன், குழிக்குள் இருப்பதற்குத் தனியாகப் பல்குத்தி. பெரிய எஞ்சின் எப்படியோ தாண்டிவிடுகிறது. நாலே சக்கரமுள்ள குட்டி ஷண்டிங் எஞ்சின் ஆறாவது கோட்டில் வந்து நிற்கிறது. இதை எழுத உட்காரும் முன்புகூட நின்றது. இதோடு, பாதை இரண்டாகப் பிரிகிற பாயிண்ட் நடுவில் ஃப்ராக் என்று ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது, கரண்ட் இல்லாத இடம், அங்கேயும் நிற்கும். தவளை என்று பெயர் வைத்தவன் அது குதிக்காது என்பதையும் சொல்லியிருக்கலாம். அந்தத் துண்டும் உலோகமாக, சுவிட்ச் வைத்துக் கரண்ட் கொடுக்கிற மாதிரி இருக்கும் பாயிண்ட்டாகப் பார்த்து வாங்கினால் அந்தத் தொல்லை தீரும். விலை கூடுதல். நான் இரண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன்.

நண்பனுக்கு 'வேண்டாம்' என்று மட்டும்தான் அனுப்பினேன். ஏற்கனவே வாங்கிவிட்டானாம். ப்ளைவுட் என்ன தடிமன் என்று கேட்கிறான். 12 எம்எம், நல்ல மரைன் ப்ளை. சுவரோரம் போடாதே. சனிக்கிழமை வருகிறேன், சால்டரிங் அயர்னை நான் கொண்டுவருகிறேன், நீ வாங்காதே. அரம் மட்டும் தர மாட்டேன்.