ஸ்டார் ட்ரெக் முதல் ஆறு படங்கள்: பழைய ப்ளூ-ரே பெட்டியா, 4கே பெட்டியா?

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடரின் பழைய நடிகர்களே கிர்க் (வில்லியம் ஷாட்னர்), ஸ்பாக் (லியோனார்ட் நிமாய்), மெக்காய் மூவராகவும் வரும் படங்கள் ஆறு. 1979-இல் தொடங்கி 1991-இல் முடிந்தவை. இவற்றை வட்டில் வாங்கி வைத்துக்கொள்ள நினைப்பவர் முன்னால் முக்கியமாக மூன்று பெட்டிகள் இருக்கின்றன: 2009-இல் வந்த ப்ளூ-ரே பெட்டி, 2021-இல் முதல் நான்கு படங்களுக்கு மட்டும் வந்த 4கே பெட்டி, 2022-இல் ஆறும் சேர்ந்து வந்த 4கே பெட்டி. நான் கடைசியில் சொன்னதை வாங்கினேன். பழைய ப்ளூ-ரே பெட்டி ஏற்கெனவே கையில் இருந்ததால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க முடிந்தது. என் ஓட்டு 2022 பெட்டிக்குத்தான். ஆனால் காரணம் பலரும் நினைப்பது இல்லை.

2021 பெட்டியை முதலில் ஒதுக்கிவிடலாம். படத்தரத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கே படங்கள், அதிலும் முதல் படம் தியேட்டரில் ஓடிய வடிவத்தில் மட்டும். அந்த ஒரு படத்துக்காகவே அடுத்த வருடப் பெட்டிக்குப் போகலாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

4கே என்றால் நான்கு மடங்கு பிக்சல், எச்டிஆர் என்றால் இருட்டும் வெளிச்சமும் இன்னும் ஆழமாகத் தெரியும். இதெல்லாம் அட்டையின் பின்பக்கத்திலேயே போட்டிருப்பான். பழைய ப்ளூ-ரே பெட்டிக்கும் 2022 பெட்டிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் கிரெய்ன், அதாவது ஃபிலிம் படத்தில் பொடிப்பொடியாக அசையும் புள்ளிகள்.

ஃபிலிமில் எடுத்த படத்தில் கிரெய்ன் என்பது மேலே வந்து ஒட்டிய தூசி இல்லை. ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்கள் இருந்த இடத்தில், லேபில் கழுவும்போது சாயப் புள்ளிகள் உருவாகின்றன. ஷாட்னரின் நெற்றிச் சுருக்கமும் நிமாயின் புருவமும் அந்தப் புள்ளிகளால் ஆனவைதான். புள்ளிகள் பிரேமுக்குப் பிரேம் இடம் மாறும். இரைச்சல் நீக்கும் மென்பொருள், அடுத்தடுத்த பிரேம்களை ஒப்பிட்டு, மாறிக்கொண்டே இருப்பதையெல்லாம் அழுக்கு என்று முடிவு கட்டித் துடைக்கிறது. துடைப்பதோடு தோலின் துளைகளும் சிவப்புச் சீருடையின் நெசவும் போய்விடுகின்றன. படம் மழுங்கிவிட்டதே என்று விளிம்புகளை மட்டும் செயற்கையாகக் கூர்மையாக்குவார்கள். ஆள் தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக்கோடு வருவது அதனால்தான்.

2009 பெட்டியில் புதிதாகப் புதுப்பிக்கப்பட்டது இரண்டாவது படமான தி ராத் ஆஃப் கான் மட்டுமே. மற்ற ஐந்தும் அதற்கு முன்பே தயாரான பழைய மாஸ்டர்களிலிருந்து (வட்டுக்கு மூலமான பிரதிகளிலிருந்து) வந்தவை. ஆறாவது படமான தி அன்டிஸ்கவர்ட் கன்ட்ரியைப் பழைய வட்டில் போட்டு, கிறிஸ்டோபர் பிளம்மர் நடித்த, கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தளபதி சாங்கின் முகத்துக்கு அருகில் கேமரா போகும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கல்யாண ஆல்பத்தில் டச்சப் செய்த மாப்பிள்ளை முகம் மாதிரி வழவழவென்று இருக்கும். 4கே வட்டில் அதே இடத்தில் மேக்கப் ரப்பரும் நிஜத்தோலும் சேரும் இடம் தெரிகிறது, கண்மறைப்பைச் சுற்றியுள்ள பிசிறு தெரிகிறது. மேக்கப் தெரிந்துவிடுவது குறையில்லையா என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதர் வியர்த்துக்கொண்டு நடிக்கிறார் என்று தெரிவதே நல்லதுதான்.

விண்வெளிப் படத்துக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. நட்சத்திரமும் நெகட்டிவில் ஒட்டிய தூசியும் மென்பொருளின் கண்ணுக்கு ஒன்றுதான்: கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. கண்மூடித்தனமாகத் துடைத்தால் சின்ன நட்சத்திரங்களும் சேர்ந்தே போய்விடும். 4கே பெட்டியில் வானம் நிறைந்திருக்கிறது.

தி ராத் ஆஃப் கான் படத்தில் மட்டும் இந்த வாதம் அவ்வளவு எடுபடாது. 2009 வட்டிலேயே கிரெய்ன் நன்றாக இருக்கும். படம் முழுக்க ஒரு நீலச்சாயல் ஏறியிருப்பதுதான் குறை. 2016-இல் டைரக்டர்ஸ் கட் (இயக்குநரின் வடிவம்) தனி ப்ளூ-ரேயாக வந்தபோது நிறத்தைச் சரிசெய்துவிட்டார்கள். கான் மட்டும் போதும் என்பவர் அந்த வட்டோடு நின்றுகொள்ளலாம், பணம் மிச்சம்.

அப்புறம், முதல் படம். தி மோஷன் பிக்சர் 1979 டிசம்பர் 7-ஆம் தேதி வந்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடியில் அவசரமாக முடிக்கப்பட்டது. காட்சித்தந்திர வேலையை எடுத்த நிறுவனம் பாதியில் விலக்கப்பட்டு, டக்ளஸ் ட்ரம்புல்லும் ஜான் டைக்ஸ்ட்ராவும் கடைசி மாதங்களில் அதை ஏற்றார்கள். தியேட்டருக்கு வந்த வடிவத்தில் இயக்குநர் ராபர்ட் வைஸுக்குத் திருப்தியே இல்லை. 2001-இல் அவர் மேற்பார்வையில் டைரக்டர்ஸ் எடிஷன் டிவிடியாக வந்தது. ஆனால் அதற்காகப் புதிதாகச் செய்த கணினிக் காட்சிகள் டிவிடியின் தரத்திலேயே செய்யப்பட்டவை. அதனால்தான் 2009 பெட்டியில் அந்த வடிவம் இல்லை. வைஸ் 2005-இல் காலமானார். அவருடன் அன்று வேலை செய்த டேவிட் சி. ஃபைன், மைக் மட்டெசினோ, டேரன் டாக்டர்மன் மூவரும் மீண்டும் உட்கார்ந்து, அந்தக் காட்சிகளை 4கே தரத்தில் திரும்பச் செய்து 2022-இல் கொண்டுவந்தார்கள். 2022 பெட்டியில் இருப்பது இதுதான். பழைய டிவி தொடரில், தன் சொந்தக் கிரகமான வல்கனுக்கு நிலவு கிடையாது என்று ஸ்பாக்கே சொல்லியிருப்பார். 1979 படத்திலோ வல்கன் வானத்தில் பெரிய பெரிய கோளங்கள் தொங்கும். டைரக்டர்ஸ் எடிஷனில் அவை இல்லை. எனக்கு இதைவிட முக்கியம் வேகம். இழுவை என்று பெயரெடுத்த படம் இந்த வடிவத்தில் மூச்சுவிடுகிறது.

இழுவைக்கு உதாரணமாக எல்லோரும் சொல்லும் காட்சி, கிர்க் சின்ன ஓடத்தில் தன் விண்கப்பலான என்டர்பிரைஸைச் சுற்றிவருவது. 4கே-யில் அதில் ஒரு நிமிடத்தைக்கூட வெட்ட மனம் வராது. கப்பல் மாடலுக்கு முத்துப்போல் மினுங்கும் வண்ணம் அடித்திருந்தார்கள். ஓடம் நகர நகர உடலின் பலகைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு நிறத்தில் மின்னி அடங்குகின்றன. ட்ரம்புல் குழு காட்சித்தந்திரங்களை 65 மிமீ ஃபிலிமில் எடுத்ததன் பலன் இங்கே தெரிகிறது. இரண்டாவது படத்தில் இதே மாடலின் மினுக்கத்தைக் குறைத்துவிட்டார்கள், பின்னணியை மாற்றுவதற்காகப் பின்னால் வைக்கும் நீலத்திரையின் நிறத்தை அது பிரதிபலித்ததால்.

எல்லாமே அழகாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒளியியல் முறையில் அடுக்கடுக்காகச் சேர்த்த ஷாட்களில் கிரெய்ன் திடீரென்று கூடும். முதல் படத்தில் அருகில் ஒருவர், தூரத்தில் ஒருவர் என இருவரையும் கூர்மையாகக் காட்டப் பாதி லென்ஸ் போட்டு எடுத்த ஷாட்களில் நடுவே மங்கலான தையல் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. ஷாட்னர் இயக்கிய ஐந்தாவது படத்தின் காட்சித்தந்திரங்கள் அன்றே பலவீனம். கூடுதல் தெளிவு அதற்கு உதவி செய்யவில்லை, அம்பலப்படுத்தியிருக்கிறது.

ஒலியில் டைரக்டர்ஸ் எடிஷனுக்கு மட்டும் புதிய டால்பி அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் சுற்றிலும் ஒலி வரும் முறை. ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசைக்கு அது தகும். மற்ற படங்களில் பழைய பெட்டிக்கும் புதியதற்கும் என் காதுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. என்னிடம் சாதாரண சவுண்ட்பார்தான், ஆகவே இதை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். புரொஜெக்டரில் பெரிய திரையில் பார்ப்பவருக்கும் கணக்கு மாறலாம்.

ஸ்ட்ரீமிங் போதாதா? கிரெய்ன்தான் முக்கியம் என்றால் போதாது. 4கே வட்டு விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் அனுப்பக்கூடியது. ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் அதில் கால் பங்குக்கும் கீழே. அசைந்துகொண்டே இருக்கும் புள்ளிகளைச் சுருக்குவது கடினம் என்பதால் முதலில் பலியாவது அவைதான்.

பழைய பெட்டியை யார் வாங்கலாம்? செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்து, கதையைப் பார்த்தால் போதும் என்பவர். அதன் ஏழாவது வட்டில் ஷாட்னர், நிமாய், பிந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரில் நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட், ஜொனாதன் ஃப்ரேக்ஸ் நால்வரையும் நடிகை வூப்பி கோல்ட்பெர்க் உட்காரவைத்துப் பேசும் நிகழ்ச்சி இருக்கிறது. அதற்காக மட்டுமே வாங்கினாலும் நான் தப்பு சொல்லமாட்டேன்.

வட்டு வாங்குமுன் ப்ளேயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 4கே வட்டுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எங்கிருந்து வாங்கினாலும் ஓடும். சாதாரண ப்ளூ-ரே ப்ளேயரில் மட்டும் ஓடாது. வட்டு டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 போதும். எச்டிஆர் வகைகளில் டால்பி விஷன் அதில் வராது, அடிப்படையான எச்டிஆர்10 வரும். 4கே ப்ளேயரே வேண்டாம் என்றால் டைரக்டர்ஸ் எடிஷன் தனி ப்ளூ-ரேயாகவும் கிடைக்கிறது. வீட்டில் இருப்பது பழைய முழு எச்டி டிவிதான் என்று தயங்குபவர்களுக்கும் ஒன்று: ப்ளேயர் படத்தைக் குறைத்துத்தான் அனுப்பும், ஆனால் துடைக்காத முகத்தைத் துடைக்காமலே அனுப்பும்.