கடைசியா எப்ப போட்டனீங்க எண்டு கேட்ட பாமசி (திருகோணமலை டவுன்)

கடைப் பேரை எழுதேல்ல, அங்க மருந்து குடுக்கிற அக்கா வேண்டாம் எண்டவ. மணிக்கூட்டுக் கோபுரப் பக்கத்தால நடந்து வாறாக்களுக்கு சொன்னா விளங்கும், சின்னக் கடை, முன்னுக்கு ரெண்டு கதிரை, உள்ளுக்கு ஒரு காத்தாடி. நான் ஐஞ்சுக்கு ஐஞ்சு குடுக்கிறன். ஏனெண்டு முழுக்க எழுதுறன், கொஞ்சம் நீளும், வாசிக்கிற ஆருக்காவது உதவும்.

ரெண்டு வருசத்துக்கு முதல் நான் வந்த பஸ் ஒண்டு அடிபட்டது, எனக்குப் பெரிய காயமில்லை ஆனா அதுக்குப் பிறகு நெஞ்சு படபடப்பு, பஸ் ஏறவே பயம். வெளியூர்ல சனல் பண்ணின டொக்டர் ஒராள் அல்பிராசோலம் எண்டு பதகளிப்பைக் குறைக்கிற குளுசை எழுதித் தந்தவர், 0.5 மில்லிகிராம், காலமை ஒண்டு இரவு ஒண்டு. நல்ல சுகம். அப்பிடியே மருந்துத் துண்டைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு ரெண்டு வருசம் ஓடிட்டுது, எவ்வளவு காலத்துக்குப் போடோணும் எப்பிடி நிப்பாட்டோணும் எண்டு அவரும் சொல்லேல்ல நானும் கேக்கேல்ல. பிறகு ஒரு கலியாண வீட்டில சொந்தக்கார மாமி ஒராள் "உந்தக் குளுசைக்கு அடிமையாப் போவாய் பிள்ளை" எண்டா, எனக்கு வெக்கமாப் போச்சு, வீட்ட வந்து மட்டையோட தூக்கி எறிஞ்சிட்டன். ஒரே நாளில.

ரெண்டாம் நாள் நித்திரை இல்லை. மூண்டாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கேலாத அளவுக்குக் கை நடுங்குது, உடம்பெல்லாம் வேர்வை, நாக்கில இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி, காலுக்க எறும்பு ஊருறது போல. பத்திரகாளி அம்மன் கோயில் மணிச் சத்தம் எனக்குச் சின்னனில இருந்து பிடிச்ச சத்தம், அது தலைக்குள்ள அடிக்கிற மாதிரி இருந்துது, ஜன்னலைப் பூட்டிப்போட்டுப் படுத்தனான். ரெண்டாம் கிழமை அழுகை தொடங்கிட்டுது. காரணமில்லாம அழுகை, ஒண்டிலயும் விருப்பமில்லை. என்ட மனுசன்தான் பயந்து போய் ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர், அங்க ஐஞ்சு நிமிசத்தில மனச்சோர்வு எண்டு சொல்லி வேற குளுசை எழுதித் தந்தாச்சு.

அந்தத் துண்டோடதான் இந்தக் கடைக்கு முதல் முதல் போனனான். அக்கா துண்டைப் பாத்தா, என்ட கையைப் பாத்தா, "இதுக்கு முதல் என்ன மருந்து போட்டனீங்க?" எண்டா. சொன்னன். "கடைசியா எப்ப போட்டனீங்க?" பதினொரு நாளாச்சு எண்டன். உடன கவுண்டருக்கு வெளிய வந்து கதிரையில இருத்தித் தண்ணி தந்தா. வலிப்பு மாதிரி ஏதும் வந்ததோ, மயங்கி விழுந்தனீங்களோ எண்டு ரெண்டு மூண்டு தரம் கேட்டா. பிறகு துண்டு எழுதின டொக்டருக்குக் கோல் எடுத்து விசயத்தைச் சொல்லிப்போட்டு என்னட்ட சொன்னது இதுதான்: "தங்கச்சி, இது மனச்சோர்வா இருக்கலாம், குளுசையைச் சடாரெண்டு விட்டதால வந்ததாவும் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம், அதை நான் சொல்லேலாது, ஆனா டொக்டருக்கு அந்தத் தேதி தெரியோணும். இண்டைக்கே மனநலக் கிளினிக்குக்குப் போங்கோ." ஒரு கடுதாசியில பழைய மருந்தின்ட பேர், அளவு, எவ்வளவு காலம், நிப்பாட்டின நாள் எல்லாம் எழுதித் தந்தவ. அண்டைக்கு அவ ஒரு குளுசையும் விக்கேல்ல.

கிளினிக் டொக்டர் அந்தக் கடுதாசியைத்தான் முதல் வாசிச்சவ. அவ விளங்கப்படுத்தினதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுறன். மூளையில காபா எண்டு ஒரு சாமான் இருக்காம், அது பிரேக் மாதிரி. அல்பிராசோலம், குளோனசிபாம், லோராசிபாம், டயசிபாம் எல்லாம் ஒரே குடும்பம், அந்தப் பிரேக்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மாசக்கணக்கில போட்டா மூளை தன்ட சொந்தப் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திப்போடும், அந்த நேரம் குளுசையை ஒரேயடியா எடுத்தா வண்டி பிரேக் இல்லாம ஓடுற மாதிரி. நடுக்கம், வேர்வை, வெளிச்சம் சத்தம் தாங்கேலாமை, தசை துடிக்கிறது எல்லாம் அதாலதான், சிலருக்கு வலிப்பே வரும், அதனால ஒருத்தரும் தானா நிப்பாட்டக்கூடாது. அல்பிராசோலம் உடம்பில அரைவாசியாகிறதுக்குக் கிட்டத்தட்ட 11 மணித்தியாலம் காணும், அதாலதான் எனக்கு ரெண்டாம் நாளே தொடங்கினது, டயசிபாம் உடம்பில கனநாள் நிக்கிறதால அதை விட்டாக்களுக்கு ஒரு கிழமை கழிச்சும் தொடங்கலாமாம், அப்ப குளுசையால எண்டு ஒருத்தருக்கும் நினைவே வராது.

இது புதுக் கதையும் இல்லை. இங்கிலாந்தில நியூகாசில்ல பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் இதுக்கெண்டே 1982ல இருந்து 1994 வரைக்கும் ஒரு கிளினிக் நடத்தினவ. 2020ல அமெரிக்காவில மருந்துகளைக் கட்டுப்படுத்துற எஃப்டிஏ இந்தக் குடும்ப மருந்து எல்லாத்துக்கும் எச்சரிக்கையைக் கடுமையாக்கிப் பழகிப்போறதையும் விடேக்க வாற வருத்தத்தையும் அதில சேர்த்தது. இவ்வளவு தெரிஞ்ச விசயத்தை ரெண்டு வருசமா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, அதை நினைச்சா இப்பவும் கோவம் வருது.

மருந்தைத் திரும்பத் தொடங்கி உடம்பு நிலைக்கு வந்த பிறகு, சில கிழமைக்கு ஒருக்கா சின்னச் சின்னனாக் குறைக்கச் சொன்னவ. ஒரு கொப்பியும் போடச் சொன்னவ, குறைச்ச தேதி ஒரு பக்கம், உடம்புக்கு என்ன மனசுக்கு என்ன எண்டு மற்றப் பக்கம். அந்தக் கொப்பிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஒவ்வொரு தரம் குறைச்சு ரெண்டு மூண்டு நாளில அலை மாதிரி வரும், நடுக்கம், பதகளிப்பு, கண்ணீர், பிறகு ஒரு பின்னேரம் ஒண்டும் இல்லாத மாதிரி விட்டுப்போகும், உப்புவெளிக் கடற்கரையில பிள்ளையளோட சிரிச்சுக்கொண்டு நிப்பன்.

ஆனா மூண்டாம் மாசம் வேற மாதிரி. ஐஞ்சு கிழமையா அளவு மாத்தவே இல்லை, நடுக்கமும் இல்லை, சத்தமும் தலையில அடிக்கேல்ல, ஆனா விடிய மூண்டு மணிக்கே முழிப்பு, சாப்பாடு மண் மாதிரி, கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கோட்டைக்குள்ள மான்கள் நிக்கும், பிள்ளையள் காட்டுதுகள், எனக்கு ஒரு உணர்ச்சியும் வரேல்ல. நான் இருந்து என்னத்துக்கு எண்டு ஒரு யோசினை. அலையே இல்லை, நாள் முழுக்க ஒரே இருட்டு, ரெண்டு கிழமைக்கு மேல. கொப்பியைப் பாத்திட்டு டொக்டர் சொன்னா இது இப்ப மனச்சோர்வுதான், குறைக்கிறதை நிப்பாட்டி வைப்பம் எண்டு, மனச்சோர்வுக்குக் குடுக்கிற செர்ட்ரலின் குளுசையும் தந்து கதைச்சு ஆத்துற சிகிச்சைக்கும் அனுப்பினவ. அது வேலை செய்யச் சில கிழமை எடுத்துது, எடுத்தாலும் செய்துது. அந்தத் தனியார் இடத்தில சொன்ன பேர்தான் கடைசியில வந்துது, ஆனா அண்டைக்கு அந்த மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு மற்றதை ஒருத்தரும் கவனிக்காம விட்டிருந்தா எனக்கு என்ன நடந்திருக்குமோ தெரியாது. அந்த மாதிரி யோசினை வாறாக்கள் தனிய இருக்காதைங்கோ, 1926க்கு அடியுங்கோ, அது அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின்ட லைன். வலிப்பு வந்தா 1990 அம்புலன்ஸ், காசில்லை.

சரி, கடை. துண்டில இருக்கிற எண்ணிக்கைக்கு ஒரு குளுசை கூடத் தராயினம், துண்டில்லாம எவ்வளவு கெஞ்சினாலும் இந்த வகை தராயினம், அதுக்காகச் சண்டை பிடிச்ச ஒரு ஐயாவையும் இருத்திவைச்சு அக்கா பொறுமையாக் கதைச்சதைப் பாத்தனான். 0.25க்கும் 0.5க்கும் மட்டை மாறிப்போகாம என்னட்டக் காட்டிப்போட்டுத்தான் பையில போடுவா, பையில எழுத்துப் பெரிசா, தேதியோட. குளுசையை அரைவாசியா வெட்டுற சின்னப் பெட்டியும் அங்கதான் வாங்கினது, கத்தியால வெட்டித் தூளாக்கிக்கொண்டு இருந்தனான்.

குறை இருக்கு. கவுண்டர்ல நிண்டு கதைச்சா பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்கு எல்லாம் கேக்கும், திருமலை சின்ன ஊர், இப்பிடியான மருந்து எடுக்கிறாக்களுக்கு அது பெரிய விசயம், ஒரு மறைப்பாவது போடோணும். அக்கா இல்லாத நேரம் நிக்கிற தம்பி நல்ல பிள்ளைதான் ஆனா கேள்வி கேக்கமாட்டார், துண்டைப் பாத்துக் குடுத்திடுவார். பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் பிறகு சரியான சனம்.

மத்தியானத்துக்குப் பிறகு போனா அக்கா ஆறுதலாக் கதைப்பா. போகேக்க பழைய துண்டு, வெறும் மட்டை, கிளினிக் கொப்பி எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு போங்கோ, அவ முதல் கேக்கிறது அதைத்தான்.