ஹாலஜன், எச்.ஐ.டி., எல்.இ.டி.: ஒரே காரில் மூன்று வகை ஹெட்லைட் பல்புகள்

திண்டுக்கல்லில் வேலை, தேனியைத் தாண்டிச் சொந்த ஊர் என்பதால், வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாக ஊருக்குப் போவதும் திங்கட்கிழமை விடிவதற்குள் திரும்பி வந்துவிடுவதும் பல ஆண்டுகளாக என் வழக்கம். கார் 2014ஆம் ஆண்டு வாங்கிய சிறிய ஹாட்ச்பேக். அதில் எச்4 வகை ஹாலஜன் பல்பும், பளபளப்பான குழிவுப் பரப்பால் ஒளியை முன்னே திருப்பும் சாதாரண ரிஃப்ளெக்டர் ஹெட்லைட்டும் இருந்தன. வெளிச்சம் போதவில்லை. எதிரே ஒரு பேருந்து கடந்துபோன பிறகு சில நொடிகளுக்குத் தார் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக மூன்று ஆண்டுகளில் எச்.ஐ.டி. என்ற செனான் வாயு விளக்கு, எல்.இ.டி., மேம்பட்ட ஹாலஜன் என்று மூன்றையும் அதே காரில் மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஹெட்லைட்டை மாற்ற நினைப்பவர்கள் பணம் செலவழிப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் போட்டது எச்.ஐ.டி. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை ஒன்றில் 35 வாட், 6000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கிட்டை 3,500 ரூபாய்க்கு மாட்டிக் கொடுத்தார்கள். ஹாலஜனில் இருப்பது போன்ற, சூடாகி ஒளிரும் இழை இந்த வகைப் பல்பில் கிடையாது. செனான் வாயு நிறைந்த சிறு குமிழுக்குள் இரண்டு முனைகளுக்கு இடையே மின்வில் எரிகிறது. அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுவதால் பேலஸ்ட் என்ற தனிப் பெட்டி உண்டு. சுவிட்சைப் போட்டதும் முழு வெளிச்சம் வந்துவிடாது, சில நொடிகள் ஆகும். ஆகவே பகலில் முந்திச் செல்ல ஒருமுறை லைட் அடித்துக் காட்டுவது என்பது இதனால் ஆகாத காரியம். ஆனால் முதல் இரவில் நீலம் கலந்த வெள்ளை ஒளி சாலை முழுவதும் பரவியதைக் கண்டு மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த மகிழ்ச்சி மூன்று வாரம் நீடித்தது. ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, தேவதானப்பட்டிக்கு முன்னால், எதிரே மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். நான் லோ பீமில்தான், அதாவது டிம்மில்தான், போய்க்கொண்டிருந்தேன். அவர் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வண்டி தாரை விட்டு மண்ணில் இறங்கியது. காலை ஊன்றி எப்படியோ நின்றுவிட்டார். ஒரு கேனின் மூடி கழன்று பால் சிந்தியது. நான் வண்டியை நிறுத்தி இறங்கிப் போனபோது அவர் திட்டவில்லை. "கண்ணே தெரியலப்பா" என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே வீட்டுக்கு எதிரிலுள்ள கிடங்குச் சுவருக்குப் பத்து மீட்டர் தொலைவில் காரை நிறுத்தி லைட்டைப் போட்டுப் பார்த்தேன். சுவரின் உச்சி வரை வெளிச்சம் அடித்தது. சுவருக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தின் இலைகள்கூட வெள்ளையாகப் பளபளத்தன. கீழே சாலையில் விழ வேண்டிய ஒளியில் ஒரு பங்கு மேலே எதிரே வருபவரின் கண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதன் காரணம் எச்4 பல்பின் அமைப்பில் இருக்கிறது. பழைய பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் இரண்டு இழைகளும், முன்னால் இருக்கும் இழைக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு தகட்டுக் கிண்ணமும் தெரியும். அந்த முன் இழைதான் லோ பீம். கிண்ணம் கீழ்நோக்கிப் போகும் ஒளியைத் தடுத்துவிடுவதால் ரிஃப்ளெக்டரின் மேற்பாதியில் மட்டும் ஒளி பட்டுச் சாலையை நோக்கித் தாழ்ந்து வருகிறது. பின் இழையில் எரியும் ஹை பீமுக்கு ரிஃப்ளெக்டர் முழுவதும் பயன்படுகிறது. ஒளி பிறக்கும் இடம் சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலோ, அதன் வடிவம் மாறினாலோ, இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். எச்.ஐ.டி. மின்வில்லின் வடிவமும் பிரகாசமும் இழையைப் போன்றவை அல்ல. நான் வாங்கிய கிட்டில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஒரே குமிழைத்தான் ஒரு மின்காந்தம் 'டக்' என்ற ஓசையோடு முன்னும் பின்னும் நகர்த்தியது. அது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

எச்.ஐ.டி.யே மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. 1991இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் செனான் விளக்கு வந்தபோது அதற்கென்றே வடிவமைத்த ஹெட்லைட்டில்தான் வந்தது. செனான் பல்புகளில் டி2எஸ் எனப்படும் வகை 35 வாட்டில் 3,200 லூமன் (ஒளியின் அளவு) தருகிறது. எச்4 ஹாலஜன் லோ பீமில் தருவது ஏறக்குறைய 1,000 லூமன் மட்டுமே. இவ்வளவு வெளிச்சத்தைச் சாலையில் விடுவதற்கு ஐரோப்பிய விதிமுறைகள் நிபந்தனை வைத்தன. லோ பீம் பல்பு 2,000 லூமனைத் தாண்டினால், சுமைக்கு ஏற்ப ஒளியின் உயரத்தைத் தானே சரிசெய்யும் கருவியும், ஹெட்லைட்டைக் கழுவும் கருவியும் அந்தக் காரில் இருக்க வேண்டும். என் ஹாட்ச்பேக்கில் இரண்டும் இல்லை. கிட்டை விற்ற கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்து எல்.இ.டி. 4,200 ரூபாய். பெட்டியின் மேல் 12,000 லூமன் என்றும், அதற்குக் கீழேயே 35 வாட் என்றும் அச்சிட்டிருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் வாட்டுக்கு 340 லூமனுக்கு மேல் வருகிறது. காரில் போடும் எந்த எல்.இ.டி. பல்பும் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. பெட்டியில் இப்படி எண் கண்டால் அந்தப் பொருளை அப்படியே வைத்துவிட்டு வருவது நல்லது என்பதை நான் பின்னால்தான் கற்றுக்கொண்டேன்.

சுவரில் பார்த்தபோது எச்.ஐ.டி.யை விட எல்.இ.டி. எவ்வளவோ மேல். ஒளியின் மேல் விளிம்பு ஓரளவு நேராகவே இருந்தது. ஆனால் இழை எல்லாப் பக்கமும் ஒளி விடுவது, எல்.இ.டி. சில்லுகள் ஒரு தகட்டின் இரண்டு பக்கங்களில் மட்டும் உட்கார்ந்திருப்பவை. அந்தத் தகடு தடிமனாக இருந்தால் இரண்டு சில்லு வரிசைகளும் இழை இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிவிடுகின்றன. சாலையில் இதன் விளைவு தெளிவாகவே தெரிந்தது. பானட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்கு வெள்ளை வெளிச்சம் கொட்டியது. அறுபது மீட்டருக்கு அப்பால் பழைய ஹாலஜனை விடக் குறைவாகத்தான் தெரிந்தது. அருகில் அதிக வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கிவிடுவதால் தொலைவில் இருப்பது மேலும் இருண்டுபோகிறது. ஓட்டுபவருக்கோ நிறைய வெளிச்சம் இருப்பதாகவே தோன்றும். இந்தத் தோற்றம்தான் ஆபத்து.

இன்னும் சில தொல்லைகள். எல்.இ.டி.யின் சூடு பின்பக்கமாகப் போவதால் அங்கே சிறு விசிறி இருக்கிறது. அதற்கு இடம் விட்டதில் ரப்பர் மூடி சரியாக உட்காராமல், மழைக்காலத்தில் ஒரு ஹெட்லைட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டது. லைட் எரியும்போதெல்லாம் எஃப்.எம். வானொலியில் இரைச்சல் வந்தது.

எல்.இ.டி. வேண்டாம் என்ற என் முடிவை உறுதி செய்தது கொடைக்கானல் மலைப்பாதை. காட்ரோட்டிலிருந்து ஏறத் தொடங்கி, பெருமாள்மலையை நெருங்கும்போது மூடுபனி இறங்கியிருந்தது. 6000 கெல்வின் வெள்ளை ஒளி முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் போல நின்றது. வளைவுக் கற்களின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். அந்த ஒளியில் பனியைத் தாண்டித் தெரிய வேண்டிய எதுவும் தெரியவில்லை.

மூன்றாவது முயற்சிக்கு யோசனை சொன்னவர் பெரியகுளத்தில் நாற்பது ஆண்டுகளாக வயரிங் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக். பல்பைத் தொடுவதற்கு முன் அவர் மீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், ஹெட்லைட் ஹோல்டரில் 12.1 மட்டுமே. மீதி, மெல்லிய வயரிலும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்சிலும் கரைந்துகொண்டிருந்தது. ஹாலஜனில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நான் குறை சொல்லி வந்த பல்பு, தன் வேலையைச் செய்யவே வழியில்லாமல் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, இரண்டு ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஃபியூஸும் வைத்து, பீங்கான் ஹோல்டர் மாட்டினார். பொருளும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாய். ஹோல்டரில் 13.4 வோல்ட் வந்தது. மஞ்சள் படிந்திருந்த முன்கண்ணாடியை, அது உண்மையில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான், நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துப் பாலிஷ் போட்டார். அதன் பிறகு ஆஸ்ராம் நிறுவனத்தின் நைட் பிரேக்கர் என்ற ஹாலஜன் பல்பு ஜோடியைப் போட்டோம். வாட் மாறவில்லை, அதே 60/55 தான் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55). இழையின் அமைப்பால் ஒளி தொலைவில் கூடுதலாகக் குவிகிறது.

கடைசி வேலை சுவரில். பத்து மீட்டர் தொலைவில் ஹெட்லைட்டின் நடு உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒளியின் விளிம்பு அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழுமாறு திருகினார். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்த விளிம்பு இடதுபுறத்தில் மட்டும் சாய்வாக மேலேறும். ஓரத்தில் நடப்பவரையும் மைல்கல்லையும் காட்டுவது அந்தச் சாய்வுதான். எல்.இ.டி. ஜோடியில் அதை நான் தெளிவாகக் கண்டதே இல்லை. இப்போது கத்தியால் வெட்டியது போலத் தெரிகிறது. மழையில் நனைந்த தாரிலும் மலைப் பனியிலும் மஞ்சள் சாயல் கொண்ட இந்த ஒளிதான் என் கண்ணுக்கு உதவுகிறது.

உங்கள் காரில் நிறுவனமே எல்.இ.டி. ஹெட்லைட் வைத்திருந்தால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். அதன் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அந்தச் சில்லுக்காகவே செய்யப்பட்டவை. ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்.இ.டி.தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: ஜெர்மனியில் 2020இல் ஆஸ்ராமின் எல்.இ.டி. மாற்றுப் பல்புக்கு முதன்முறையாகச் சாலை அனுமதி கிடைத்தபோது, எந்தெந்தக் கார் மாடல்களில் போடலாம் என்ற பட்டியலோடுதான் கிடைத்தது. நல்ல பல்பாக இருந்தாலும் எல்லா ஹெட்லைட்டுக்கும் பொருந்திவிடாது. ரிலே இல்லாமல் 100/90 வாட் ஹாலஜன் போடுவதையும் தவிருங்கள். மெக்கானிக் காட்டிய ஒரு பழைய ஹோல்டர் ஓரமெல்லாம் பழுப்பேறி, உருகி, உள்ளே செம்பு தெரிந்தது.

இந்த ஹாலஜனுக்கும் ஒரு குறை உண்டு, ஆயுள் குறைவு. முதல் ஜோடியில் வலப்பக்கப் பல்பு பதினான்கு மாதத்தில் போய்விட்டது. ஆகவே டேஷ்போர்டு பெட்டியில் ஒரு ஜோடி பல்பும், விரல் எண்ணெய் கண்ணாடியில் படாமல் இருக்க ஒரு துணிக் கையுறையும் எப்போதும் வைத்திருக்கிறேன்.