கட்டிய அணியைக் காட்டலாமா? போக்கிமான் போட்டிகளை வைத்து ஓர் அலசல்

விஜிசி என்று சொல்லப்படும் போக்கிமான் வீடியோ கேமின் டபுள்ஸ் போட்டிக்கு ஒவ்வொருவரும் ஆறு போக்கிமான்களோடு வருவார்கள். அந்த ஆறில் நான்கைத் தேர்ந்தெடுத்து, இரண்டிரண்டாகக் களமிறக்கி ஆடுவார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எந்த ஆறு, எதன் கையில் எந்தப் பொருள், எந்த நான்கு மூவ் (களத்தில் போடும் தாக்குதல் அல்லது உத்தி), வேகம், பலம் போன்றவற்றைக் கூட்டும் பயிற்சிப் புள்ளிகள் 510-ஐ எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்வதற்குள் வாரக்கணக்கில் போய்விடும். இவ்வளவு உழைத்துக் கட்டிய அணியை அடுத்தவருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில் ஆட்டக்காரர்கள் பல கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். போட்டிக்கு முன்னால் நம்பிக்கையான சிலரிடம் மட்டும், போட்டி முடிந்தபின் எல்லோரிடமும் சொல்வதே சரி என்பது என் கட்சி. மற்ற வழிகளையும் எடைபோட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

கடைசிவரை மறைப்பது

மறைப்பவர்களைச் சுயநலக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் பக்கம் கணக்கு இருக்கிறது. போட்டியில் எல்லாப் போக்கிமானும் 50-ஆம் லெவலில் ஆடும். அந்த லெவலில் வேகத்தில் ஒரு புள்ளி கூட்ட, ஏறக்குறைய எட்டுப் பயிற்சிப் புள்ளிகள் போட்டால் போதும். ஒரே போக்கிமான் இரண்டு பக்கமும் நிற்கும்போது, வேகம் ஒரு புள்ளி அதிகமாக உள்ளதுதான் முதலில் அடிக்கும். பல ஆட்டங்களில் முதலில் அடிப்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. என் எண் வெளியே தெரிந்துவிட்டால், எதிராளி வேறு எங்கிருந்தாவது எட்டுப் புள்ளியை எடுத்து வேகத்தில் போட்டுவிடுவார். என் வாரக்கணக்கு உழைப்பு அவருடைய இரண்டு நிமிட வேலையில் அடிபட்டுப்போகும். இது உண்மையான இழப்பு.

மறைப்பதற்கு ஆதரவாக எல்லோரும் சொல்லும் கதை 2014 வாஷிங்டன் உலகப் போட்டி. தென்கொரியாவின் சேஜுன் பார்க் பச்சிரிசுவைக் கொண்டு வந்து பட்டம் வென்றார். யாரும் பொருட்படுத்தாத சின்ன மின்சார அணில் அது. எதிராளிகள் அதை எதிர்பார்க்கவில்லை, அதனால் வென்றார் என்பார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. அந்த அணியின் பெரிய அடி கியாரடோஸ். நீரும் பறத்தலும் கலந்த அதற்கு மின்தாக்குதல் நான்கு மடங்கு வலிக்கும். பச்சிரிசு ‘ஃபாலோ மீ’ போட்டால் எதிராளியின் அடி தன் பக்கம் திரும்பும். வருவது மின்தாக்குதலாக இருந்தால், ‘வோல்ட் அப்சார்ப்’ என்ற அதன் இயல்பு அதையே உடல்பலமாக மாற்றிக்கொள்ளும். தாக்கும் பலம் குறைவு என்பதும் குறையாகவில்லை. ‘சூப்பர் ஃபாங்’ என்ற மூவ், பேய் வகையைத் தவிர யாராக இருந்தாலும் மிச்சமிருக்கும் உடல்பலத்தில் பாதியைப் பிடுங்கிவிடும். இதில் எந்த உத்தி எதிராளிக்குத் தெரிந்தால் செயலற்றுப் போகும்? மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி என்ற முறையில் இரண்டாம் ஆட்டத்திலேயே எதிராளிக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் தடுக்க முடியவில்லை என்பதுதான் அந்த அணியின் பெருமை.

எல்லா விளையாட்டுக்கும் இதே நியாயம் பொருந்தாது. ஐந்து பேர் அணியாக ஆடும் டோட்டா 2 வீடியோ கேமில், ஆட்டம் தொடங்குமுன் எதிரணி எடுக்கக்கூடிய ஹீரோக்களைத் தடை செய்யலாம். ஷாங்காயில் நடந்த அதன் 2019 உலகப் போட்டியான இன்டர்நேஷனலில் ஓஜி அணி, வழக்கமாகத் துணைக்கு நிற்கும் ஐஓ என்ற ஹீரோவை முதன்மை அடிதாரியாக ஆடியது. அப்படி ஒரு யோசனை முன்கூட்டியே வெளியே தெரிந்தால், எதிரணி ஒரு தடையைச் செலவழித்து அதை மேடைக்கே வரவிடாமல் செய்துவிடலாம். அங்கே ரகசியத்துக்கு விலை அதிகம். போக்கிமானில் அப்படித் தடை செய்யும் வழி கிடையாது. அதனால் இங்கே மறைப்பதால் கிடைக்கும் லாபமும் சிறியது.

நண்பர் வட்டத்துக்குள்

தனியாக ஒரு அணியைச் சோதிக்கவே முடியாது. எதிரே உட்கார்ந்து அதை உடைக்க முயல ஆள் வேண்டும். அதனால் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்பவர்களும் நான்கைந்து பேரிடமாவது சொல்லியிருப்பார்கள். அதில் தப்பே இல்லை.

தப்பு போட்டி நாளன்று வரும். அணிப் பட்டியல் மூடியிருந்த காலத்தில், முதல் சுற்றில் உங்களோடு ஆடித் தோற்றவர் நேராகத் தன் நண்பர்களிடம் போய், ‘அவனுடைய இன்சினரோர் போக்கிமான் இந்தப் பொருள் வைத்திருக்கிறது, இந்த மூவ் போடுகிறது’ என்று சொல்லிவிடலாம். பத்து நண்பர்களோடு வந்தவருக்குப் பத்து ஜோடிக் கண்கள். தூர தேசத்திலிருந்து தன் காசில் தனியாக வந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. வட்டம் இருப்பவருக்குத் தகவல், இல்லாதவருக்கு இருட்டு. எல்லோரும் மறைப்பதையோ எல்லோரும் காட்டுவதையோ விட இந்த இடைப்பட்ட நிலைதான் அநியாயமானது என்று நான் நினைக்கிறேன்.

விதியே திறந்து காட்டும்போது

இப்போது நேரில் நடக்கும் அதிகாரபூர்வப் போட்டிகளில் ஓப்பன் டீம் ஷீட், அதாவது அணி விவரத்தை எதிராளிக்குக் காட்டும் தாள், வந்துவிட்டது. ஆட்டத்துக்கு முன் இருவரும் தாளை மாற்றிக்கொள்கிறார்கள். ஆறு போக்கிமான், பொருள், இயல்பு, நான்கு மூவ் எல்லாம் அதில் இருக்கும். பயிற்சிப் புள்ளிகளை எப்படிப் பிரித்தோம் என்பது இருக்காது. நான் மேலே சொன்ன அந்த எட்டுப் புள்ளிக் கவலைக்கு இதில் இடம் விட்டிருக்கிறார்கள்.

இதில் இழப்பும் உண்டு. ஒரே அடியில் வீழாமல் காக்கும் ‘ஃபோகஸ் சாஷ்’ வைத்திருக்கிறதா, வேகத்தைக் கூட்டும் ‘சாய்ஸ் ஸ்கார்ஃப்’ வைத்திருக்கிறதா என்று தெரியாமல் தவிக்கவிடும் சுகம் போய்விட்டது. விசித்திரமான ஒரு மூவை ஒளித்து வைத்து முழு அரங்கையும் வாய்பிளக்க வைப்பதும் முன்போல நடக்காது. பார்வையாளராக அது எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் முடிவெடுக்க நிறைய மிச்சம் இருக்கிறது. ஆறில் எந்த இரண்டு முன்னால், எந்த இரண்டு பின்னால் என்பதற்கே 90 விதங்கள் உண்டு. யார் இந்த முறை அடியைத் தடுக்கும் ‘புரொடெக்ட்’ போடுவார், யார் ஆளை மாற்றுவார் என்பது எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. தனியாக வருபவருக்கும் கூட்டமாக வருபவருக்கும் ஒரே தகவல் கிடைக்கிறதே, அதற்காக நான் இந்த விதியின் பக்கம்.

எல்லோருக்கும் கொடுப்பது

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அணியை இரவல் எடுக்க உதவும் ரென்டல் கோட் கொடுப்பது ஒன்று, விளக்கம் எழுதுவது இன்னொன்று.

முன்பெல்லாம் ஓர் அணியைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டுமென்றால் முட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, பயிற்சி கொடுத்துப் பல நாள் ஆகும். போக்கிமான் சன் அண்ட் மூன் கேம்கள் வந்த 2016 முதல், அடுத்தவர் அணியை இரவல் வாங்கி இணையத்தில் ஆடும் வசதி வந்தது. இப்போது ஒரு கோட் போதும், ஒரு நிமிடத்தில் அணி கைக்கு வந்துவிடும். புதிதாக வருகிற ஒரு பள்ளி மாணவிக்கு இது பெரிய வரம். வளர்க்கும் வேலையில் சலித்து ஓடாமல் முதல் நாளே நல்ல அணியோடு ஆடிப் பழகலாம். ஆனால் போட்டிக்கு முன் கோட் கொடுத்தால் எல்லோரும் உங்கள் அணியோடு ஆடிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இரவல் வாங்கியவருக்கு வேக எண்ணும் தெரிந்துவிடும். அதனால் போட்டிக்கு முன் கோட் கொடுக்க வேண்டாம் என்றே யாருக்கும் சொல்வேன்.

போட்டி முடிந்தபின் கொடுப்பதில் அந்தச் சேதம் பெரிதாக இல்லை. ஒளிபரப்பில் ஆடிய அணி எப்படியும் ஊரறிந்த அணி. அப்போது கோட்டோடு நிறுத்தாமல் காரணத்தையும் சொன்னால்தான் கொடுத்ததற்கு அர்த்தம். 2016 உலக சாம்பியன் வுல்ஃப் கிளிக் யூடியூபில் தன் ஆட்டங்களை விரிவாகப் பேசுகிறார். தான் யோசிக்கும் முறையையே ஊருக்குச் சொல்லிக்கொண்டு, அதன் பிறகும் மேல்மட்டத்தில் ஆடுகிறார். பச்சிரிசுவைப் பார்த்தவுடன் எடுத்து வேறு அணியில் சொருகினால் அது வெறும் அணில்தான். கியாரடோஸுக்காக வந்தது என்ற காரணம் தெரிந்தவருக்குத்தான் தன் அணியில் அந்த இடத்துக்கு வேறு எதையாவது யோசிக்க வரும்.

‘நான் கட்டியதை வைத்து இன்னொருவன் கோப்பை வாங்குவான்’ என்ற குறையைப் பலரும் சொல்கிறார்கள். நியாயமான வருத்தம். அதற்கு ஒரே மருந்து, எடுத்து ஆடுகிறவர் கட்டியவரின் பெயரைச் சொல்வது. நல்ல ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள், மற்றவர்களும் சொல்லிப் பழக வேண்டும்.

எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வென்ற ஆட்டங்களை மட்டும் போடாதீர்கள். எந்த அணியிடம் திணறினீர்கள், அப்போது முன்னால் யாரை இறக்கினீர்கள், இப்போது யோசித்தால் யாரை இறக்கியிருப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். தனியாக ஆடிப் பழகும் ஒருவர் முதலில் தேடிப் படிப்பது அந்தப் பகுதியைத்தான்.